ஊர்ப் பள்ளியும் ஊரார் பொறுப்பும்

ஓர் ஊரிலே கோயில் உண்டு, குளம் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. கோயில் மதிலில் ஒரு கல் பெயர்ந்தால் ஊர் கூடிப் பேசுகின்றது. குளக்கரை உடைந்தால் மண்வெட்டியோடு ஊர் ஓடுகின்றது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பணியிடம் ஒன்று ஓராண்டு காலியாய்க் கிடப்பின், அஃது அரசாங்கத்தின் காரியம் என்று அதே ஊர் வாளாவிருக்கின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று? இதனைப் போக்குதற்குச் சட்டம் யாது செய்துள்ளது? அச்சட்டத்தின் வழி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவால் ஆவது யாது, ஆகாதது யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுவோன் கல்வித்துறை அதிகாரி அல்லன். தான் பயின்ற சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்னும் முறையில் உறுப்பினனாய் இருப்பவன். ஆதலின் ஈண்டுக் கூறப்படுவன பெரும்பாலும் அக்குழுவில் அமர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும் செய்திகளேயாம்.

பள்ளி ஊராரிடமிருந்து அகன்ற வரலாறு

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடம் முற்றும் ஊரார் ஆதரவில் நடந்தது. ஆசிரியருக்கு நெல்லும் காசும் ஊரார் அளித்தனர். ஆயின் அதனை எண்ணி மகிழ்வார் ஒன்றனை மறத்தலாகாது. அத்திண்ணையில் ஏறுதற்கு எல்லாக் குழந்தைகளுக்கும் உரிமை இருக்கவில்லை. பெண்மக்கள் பெரும்பாலும் புறத்தே நின்றனர். ஒடுக்கப்பட்ட குலத்து மக்கள் தெருவிற்குள்ளும் வரவொட்டாது தடுக்கப்பட்டனர். ஊராருடைய பள்ளி என்பது ஊரில் வலியாருடைய பள்ளி என்றே பொருள்பட்டது. மிஷன் பள்ளிகளும், பின்னர் அரசாங்கப் பள்ளிகளும் பெருமளவில் தோன்ற வேண்டியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1854-ஆம் ஆண்டில் வந்த சர் சார்லஸ் உட் என்பாரின் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்யும் முறையை வகுத்தது. 1884-ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும் ஏற்பட, போர்டுப் பள்ளிகள் நாடெங்கும் பரவின. 1920-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் கல்வி மன்றங்களை நிறுவி, கல்வி வரி விதிக்கவும், இசைந்த இடங்களில் கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் வழி செய்தது. அதே ஆண்டில், சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த சென்னை நகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் மாணவர்க்கு நண்பகல் உணவளிக்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் மாநிலம் முழுவதற்கும் பரவியதொரு பெருந்திட்டத்தின் வித்து, இங்ஙனம் ஓர் ஊராட்சி மன்றத்தின் மேசைமேல் முளைத்ததேயாகும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1956-இல் காமராசர் அரசு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் ஊரார் அளித்த பொருளும் அரசாங்கப் பொருளும் கலந்தே அடுப்பெரிந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் காலத்தில் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பலகையும் மணியும் கடிகாரமும் நிலமும் கட்டடமும் பள்ளிக்கு ஈந்தனர். ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின்பாற் சென்றன. 1981-இல் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியருக்கு மாதந்தவறாத ஊதியமும் மதிப்பும் கிடைத்தமை பெருநன்மையே. அதனை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின் அன்றுதொட்டுப் பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்னும் சொற்கள் நிற்க, அதிகாரம் மட்டும் தலைநகரை நோக்கி நடந்தது. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் உரிமை இழந்த ஊர், காலப்போக்கில் கவலைப்படுவதையும் விட்டொழித்தது.

சட்டம் அளித்த இடம்

2002-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிற்கு வந்த 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதனை நடைமுறைப்படுத்த 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இதன் 21-ஆம் பிரிவு, உதவிபெறாத தனியார் பள்ளி ஒழிந்த ஏனைய பள்ளிகள் யாவும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்று விதிக்கின்றது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். சரிபாதியினர் பெண்டிராதல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் வேண்டும்.

இவ்விதிகளைப் படிப்போர், சட்டம் செய்தார் திண்ணைப் பள்ளியின் வரலாற்றை நன்கு அறிந்திருந்தனர் என்று உணரலாம். பள்ளியை மீண்டும் ஊராரிடம் சேர்ப்பிக்க விழைந்த அவர்கள், ஊரில் வலியாரிடம் அது மீண்டும் சென்று விடாதபடி வேலியிட்டனர். தமிழகத்தில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது மாணவரின் தாய்மாரே தலைவராயினர். 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்க்கும் இடம் தரப்பட்டது. ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலத்தில் இஃது எத்துணைப் பெரிய ஏற்பாடு என்பதைக் கூறவேண்டுவதில்லை.

குழுவின் கடமைகள் மூன்று: பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வகுத்தல், வந்த பணம் செலவான வகையை நோக்குதல். நிலையான ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ தண்டிக்கவோ குழுவிற்கு அதிகாரமில்லை. வரி விதிக்கும் உரிமையுமில்லை. ‘பல்லில்லாத குழு’ என்று சிலர் நகைப்பதன் காரணம் இதுவே. அந்நகைப்பு முற்றும் தகுதியுடையதன்று என்பதை மேலே காண்போம்.

ஒரு முற்றத்தில் மூன்று துறைகள்

புதிதாய்க் குழுவில் சேர்ந்தார் முதலில் அறியவேண்டுவது, பள்ளி ஒன்றே யாயினும் அதனை ஆள்வோர் பலர் என்பதாம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் பள்ளிக் கல்வித்துறையைச் சார்ந்தவர். அவருக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. ஓடு ஒழுகினால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் செல்லவேண்டும். சத்துணவுக் கூடம் சமூக நலத்துறையின் மேற்பார்வையில் உள்ளது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023-இல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்த காலை உணவினைச் சமைப்போர் மகளிர் சுய உதவிக் குழுவினர். கழிப்பறைக்குத் தண்ணீர் வருவது ஊராட்சியின் தொட்டியிலிருந்து.

தலைமையாசிரியர் இத்துணை வாயில்களிலும் சென்று நிற்றல் இயலுமோ? பல சிற்றூர்ப் பள்ளிகளில் அவரே ஒரு வகுப்பிற்கன்று, இரண்டு மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர், அவரே எழுத்தர், எமிஸ் என்னும் கணினிப் பதிவேட்டில் வருகையும் பிறவும் ஏற்றுபவரும் அவரே. இந்நிலையில் குழுவின் முதற்பயன் புலனாகின்றது. பல துறைகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வினவக்கூடிய மன்றம் ஊரில் இஃது ஒன்றேயாம். ஊராட்சி உறுப்பினரும் தலைமையாசிரியரும் தாய்மாரும் ஒரு பாயில் அமர்ந்திருக்கையில், ‘அது எங்கள் துறையன்று’ என்னும் விடை எளிதில் எழுவதில்லை.

இதனை அற்பமாய்க் கருதலாகாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து வீழ்ந்து மாணவர் மூவர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி விரைந்தது. சுவரில் விரிசல் கண்டவுடன் தீர்மானப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, உரியார்க்கு அனுப்பி, விடை வரும்வரை வினவும் ஒரு குழு, உயிர் காக்கும் குழுவாகும்.

அறுபத்தோராவது குழந்தை

இனி, சிற்றூர்ப் பள்ளிகளை வாட்டும் தலையாய துன்பத்திற்கு வருவோம். அது மாணவர் தொகை குறைதலாம். இதன் கொடுமையை உணர்தற்குச் சிறிது கணக்கு வேண்டும்.

சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருப்பின் ஆசிரியர் இருவர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். வகுப்புகளோ எப்போதும் ஐந்து. ஆண்டொன்றுக்கு 200 வேலைநாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்றும் அவ்வட்டவணை கூறுகின்றது. இருவர் கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியர் தரக்கூடிய நேரம் 1,600 மணி. அதனை ஐந்து வகுப்புகளுக்கும் பகிர்ந்தால் வகுப்பொன்றுக்குத் தனித்துக் கிடைப்பது 320 மணியே. எஞ்சிய 480 மணி நேரமும் அக்குழந்தைகள் பிற வகுப்போடு கலந்தோ, தாமே எழுதியோ, வாளாவோ இருத்தல் வேண்டும். இருவருள் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ தேர்தல் பணிக்கோ சென்றால் நேரம் மீண்டும் பாதியாகும்.

இதனைப் பெற்றோர் கணக்கிட்டு அறிவதில்லை, கண்ணால் காண்கின்றனர். ‘ஐந்து வகுப்பும் ஓர் அறையில் இருக்கின்றன’ என்று கூறி, அருகிலுள்ள நகரத் தனியார் பள்ளியின் வேனில் பிள்ளையை ஏற்றி விடுகின்றனர். சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைக் குழந்தைகளுக்கு அரசாங்கமே பொருள் கொடுத்துப் பெற்றுத் தருகின்றது. நன்னோக்குடையதாயினும், இதுவும் ஊர்ப் பள்ளியின் தொகையைக் குறைக்கும் ஒரு வழியாய்விட்டது. தொகை குறையவே ஆசிரியர் குறைகின்றனர்; ஆசிரியர் குறையவே தொகை மீண்டும் குறைகின்றது. நீர் வற்றிய கிணற்றைத் தூர்வாராமையால் அது மேலும் வற்றுதல் போலாம் இது.

தமிழகத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாளில் உள்ள தொகையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் வரையறுக்கப்படுகின்றன. மிகுதியாய்க் கருதப்படுவோர் பணி நிரவல் முறையில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவர். ஆகவே அறுபது குழந்தைகள் உள்ள பள்ளியில் அறுபத்தோராவது குழந்தையொன்று சேருமாயின், அதன் கையைப் பற்றிக்கொண்டு ஓர் ஆசிரியரும் வருகின்றார் என்று கூறினும் மிகையாகாது. ஓர் ஆசிரியர் மிகின், வகுப்பொன்றுக்கு 320 மணியாய் இருந்தது 480 மணியாகின்றது. அறுபது குழந்தைகளும் அந்த ஒரு குழந்தையால் பயன் பெறுகின்றனர்.

இக்கணக்கை ஊரார்க்கு எடுத்துரைப்பது குழுவின் கடமையாம். ஏப்ரல், மே மாதங்களில் உறுப்பினர் வீடு வீடாய்ச் சென்று, ஐந்து வயது நிரம்பிய குழந்தை எத்தனை, பள்ளிக்கு வாராது நின்ற குழந்தை எத்தனை, வெளியூர் செல்வார் எத்தனை என்று ஏடொன்றில் எழுதிக்கொண்டால், ஆகஸ்டில் என்ன நேரும் என்பதை முன்கூட்டியே அறியலாம். ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொகையைக் காட்டுவதற்காக வாராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் ஆசை எவர்க்கும் எழலாகாது. பொய்ப் பெயரால் வரும் ஆசிரியர் மெய்யான குழந்தைக்கு உரியவரல்லர். வேறோர் ஊரின் மெய்யான குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்டவரேயாவர்.

பணம்

பள்ளிக்கு வரும் பணம் மிகச் சிறிது. 2021-இல் திருத்தப்பெற்ற ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நெறிகளின்படி, ஆண்டு மானியம் 30 குழந்தைகள் வரையுள்ள பள்ளிக்கு ரூ. 10,000, 100 வரையுள்ளதற்கு ரூ. 25,000, 250 வரையுள்ளதற்கு ரூ. 50,000. இதில் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைக்குச் செலவிடப்பட வேண்டும். சுண்ணாம்புக்கட்டி முதல் மின்விசிறிப் பழுது வரை யாவும் இதற்குள் அடங்க வேண்டும். அத்தொகையும் எப்போதும் காலத்தில் வரும் என்பதற்கில்லை. 2024-25-ஆம் ஆண்டில், மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திற்கு மாநிலம் ஒப்பமிடாமை காரணமாக ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் மத்தியப் பங்கு தமிழகத்திற்கு வாராது நின்றது. தில்லியில் நிகழ்ந்த வழக்காட்டின் வெப்பம் சிற்றூர்ப் பள்ளியின் ஓட்டையும் தாக்கிற்று.

எனினும் பணம் சிறிதாயிருத்தலே கணக்கு வேண்டும் என்பதற்குக் காரணம். செலவுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுதல் எளிய செயல். அது தலைமையாசிரியரைக் குற்றங்கூறுவதற்கன்று, அவரைக் காப்பதற்கேயாம். கணக்குக் காணாத ஊர் ஐயுறும். ஐயுறும் ஊர் நன்கொடை ஈயாது.

கல்வி நிகழ்கின்றதா?

குழுக் கூட்டங்களில் நெடுநேரம் பேசப்படுவன சுற்றுச்சுவரும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் ஆகும். அவை வேண்டுவனவே. ஆயினும் குழந்தை படிக்கின்றதா என்னும் வினா பெரும்பாலும் எழுவதேயில்லை. ‘நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?’ என்று தாய்மார் ஒதுங்குகின்றனர்.

உண்மையில் இவ்வினாவிற்குப் பட்டம் வேண்டுவதில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தை பேருந்தின் ஊர்ப் பெயரைப் படிக்கின்றதா, கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து மீதியைச் சரியாய் எண்ணி வாங்குகின்றதா என்பதை எழுதப் படிக்க அறியாத தாயும் காணலாம். பெருந்தொற்றுக் காலத்து நெடிய மூடலின் பின், 2021-இல் இல்லம் தேடிக் கல்வியும் 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கமும் தமிழகத்தில் தொடங்கப்பட்டமைக்குக் காரணம் இந்த அடிப்படைத் திறன் தளர்ந்திருந்தமையே. அவ்வியக்கங்கள் பலித்தனவா என்பதைத் தலைநகரில் உள்ள புள்ளிவிவரத்தைவிட, தன் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் தாய் முன்னதாக அறிவாள். கூட்டந்தோறும் கால்மணி நேரம் இதற்கெனவே ஒதுக்கப்படுதல் வேண்டும். ஆசிரியர்மீது பழி சுமத்தும் வழக்காய் அது மாறலாகாது. ‘எந்தக் குழந்தை பின்தங்கியுள்ளது? அதற்கு வீட்டிலும் பள்ளியிலும் யாது செய்யலாம்?’ என்று கேட்கும் உசாவலாய் நிற்றல் வேண்டும்.

குழுவின் குறைகள்

குழுவின்பாலும் குறைகள் உள. கூட்டம் நடவாமலே தீர்மானப் புத்தகம் வீடு வீடாய்ச் சென்று கையெழுத்துப் பெற்று வருவதுண்டு. தாய் தலைவியாயிருக்க, அவள் கணவரே நாற்காலியில் அமர்வதுண்டு. கூட்டம் வேலைநாளில் நிகழ்வதால், கூலிக்குச் செல்லும் தாய் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே வரவேண்டியதாகின்றது. கட்சிப் பகையும் சாதிப் பகையும் பள்ளி வாயிலில் செருப்பைப் போல் கழற்றி வைக்கப்படுவதில்லை. இவற்றைக் காட்டிக் குழுவே வேண்டாம் என்பார் உளர். அங்ஙனமாயின், பள்ளி நோக்குவாரின்றித் தனித்து நிற்கும். குழந்தைக்காகப் பேசுவார் அங்கு எவரும் இரார். கூட்டத்தை மாலைப்பொழுதில் வைத்தலும், தீர்மானத்தை எல்லார் காதும் கேட்கப் படித்தலும், பேசாத தாயைப் பெயர் சொல்லிக் கேட்டலுமே இக்குறைகளுக்கு மருந்தாகும்.

இனி, ‘பல்லில்லாத குழு’ என்னும் நகைப்பிற்கு விடை கூறுவோம். சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி குழு வகுக்கும் மேம்பாட்டுத் திட்டமே அரசாங்கம் வழங்கும் மானியத்திற்கு அடிப்படையாதல் வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் அதனை மூன்றாண்டுத் திட்டமாய், நிதியாண்டு முடிவதற்கு மூன்று திங்கள் முன்னரே எழுத வேண்டும் என்கின்றன. 32-ஆம் பிரிவின்படி குழந்தையின் உரிமை பற்றி எழுத்து மூலம் முறையிடுவார்க்கு ஸ்தல அதிகாரி மூன்று திங்களுக்குள் தீர்வு கூற வேண்டும். அதில் நிறைவில்லையேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். எனவே குழுவின் வலிமை குரலில் இல்லை, எழுத்தில் உள்ளது. வாயாற் கூறிய குறை காற்றோடு போகும். தேதியிட்டு எழுதிய தீர்மானத்திற்கு எவரேனும் ஒருவர் விடை கூறியே ஆகவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இங்கோ ஏட்டில் ஏறாத சுரைக்காயே கறிக்கு உதவாது போகின்றது.

மிஷன் பள்ளிகளின் நிலை

மிஷன் கல்லூரியில் பயில்வார் இதனையும் அறிதல் நன்று. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளிலும் ஏனைய உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அளவிலேயே நிற்கும். 2014-இல் உச்சநீதிமன்றம், சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு இச்சட்டம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. நிருவாகத்தாரின் உரிமையைக் காக்கும் இத்தீர்ப்பு, பெற்றோரை வாயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. திண்ணையில் ஏற இயலாதார்க்கு இடம் அளிக்கவே தோன்றிய பள்ளிகள், அவர்தம் தாய்மாரின் சொல்லுக்கும் இடம் அளித்தல் தம் தோற்றத்திற்கு ஏற்ற செயலாகும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் தாமே முன்வந்து செய்வது மிக்க பெருமையுடைத்து.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

இவ்விதழைப் படிப்பாரில் பலர் ஏதேனும் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அகரம் கற்றவர்களே. அப்பள்ளி இன்றும் உளதா, அங்கு எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர் என்பதை அறிந்தார் எத்துணையர்? விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒருவர், குழுவின் தலைவியாகிய தாய்க்கு மேம்பாட்டுத் திட்டத்தை எழுதித் தரலாம்; சட்டத்தின் பிரிவைப் படித்துப் பொருள் கூறலாம்; மானியக் கணக்கைச் சுவரில் ஒட்டுதற்கு உதவலாம். பொருள் ஈட்டுவோர், 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல்’ திட்டத்தின் வாயிலாகத் தம் பள்ளிக்கு உதவலாம். ஆயினும் பணத்தினும் மேலாக அங்கு வேண்டப்படுவது மாதம் ஒரு மாலைப்பொழுதேயாம்.

சிற்றூர்ப் பள்ளி ஒன்று மூடப்படுவது ஒரு நாளில் நிகழ்வதன்று. ஆண்டுக்கு இருவர் மூவராய்க் குழந்தைகள் குறைந்து, ஆசிரியர் ஒருவர் மாறி, ஓர் அறை பூட்டப்பட்டு, இறுதியில் ஒரு ஜூன் மாதத்தில் மணி அடிப்பார் இல்லாது போகின்றது. அப்போது ஊர் கூடி வருந்துவதில் பயனில்லை. மணி ஒலிக்கும்போதே ஊர் கூடுதல் வேண்டும். கூடுவதற்குச் சட்டம் ஒரு பாயை விரித்துள்ளது; அதில் வந்து அமர்வதே நம் கடன்.